பழைய மொறிஸ் மைனர் கார், கைபிடி சும்மா சுத்துது, கண்ணாடி ஏறுதில்லை. என்ன செய்யலாம்?

முதல்ல கைபிடியையே சந்தேகப்படுங்கோ. மற்றக் கதவின்ர கைபிடியைக் கழட்டி இதில போட்டுச் சுத்திப் பாருங்கோ, கண்ணாடி ஏறினா வேலை அதோட முடிஞ்சுது. நெம்பிக் கழட்டாதேங்கோ, கனக்க பழைய இங்கிலீஷ் கார்களில கைபிடிக்குப் பின்னால இருக்கிற வட்டத் தகட்டைக் கதவுப் பக்கமா அமத்தினா குறுக்க ஒரு சின்னப் பின் தெரியும், அதை மெல்லிய ஆணியால தள்ளினாக் காணும்.

அப்பவும் ஏறேல்லை எண்டால் கதவின்ர உள்பக்கத்தை மூடியிருக்கிற அட்டையைக் கழட்டத்தான் வேணும். உள்ளுக்க கை வைக்க முதல் கண்ணாடியை மேல தூக்கி ஆப்பு வைச்சு டேப்பும் ஒட்டுங்கோ, இல்லாட்டி விரலுக்கு மேல விழும். பிறகு ஆரையும் கைபிடியைச் சுத்தச் சொல்லிப்போட்டு டோர்ச் அடிச்சுப் பாருங்கோ: கண்ணாடியைத் தூக்கிற கம்பி மேல போகுது, கண்ணாடி வரேல்லை எண்டால், கண்ணாடியின்ர கீழ் விளிம்பைப் பிடிச்சிருக்கிற தகரச் சனல் (தவாளிப்பு மாதிரியான தகரம்) கழண்டிருக்கு. சனலுக்கு உள்ள இருக்கிற றப்பர் உக்கிப் போறதாலதான் இது கனக்க நடக்கிறது. புது றப்பர் பட்டி வைச்சு, சவுக்காரத் தண்ணி பூசி, சனலை உள்ளங்கையால தட்டி ஏத்துங்கோ. எப்பொக்சி வைச்சு ஒட்டுற ஆக்களும் இருக்கினம், எனக்கு அது விருப்பமில்லை, கண்ணாடி மாத்த வந்தா தலையிடி.

கம்பியே அசையேல்லையோ, கைபிடி சுத்தேக்க கம்பியை அசைக்கிற பல்லுத் தகடு தேஞ்சிட்டுது. லேத்தில வெல்டு வைச்சு அராவித் தருவினம், ஆனா அதோட இருக்கிற சுருள் ஸ்பிறிங்கை நீங்கள் கழட்டாதேங்கோ, அடிச்சா கை போயிடும்.

கண்ணாடி ஓடுற வெல்வெட் பட்டிக்கு கிறீஸ் வேண்டாம், எங்கட புழுதிக்கு ரெண்டு கிழமையில பசையாகிடும், சிலிக்கன் ஸ்பிறே அடியுங்கோ. கதவுக்கு அடியில தண்ணி போற ஓட்டையளையும் குத்தி விடுங்கோ.