ஒரே நாளில் கொல்கத்தா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கயாவுக்குச் செல்லும் வழியில், டிசம்பர் மாதத்தில் ஒரு நாள் நானும் என் கணவரும் கொல்கத்தாவில் இருப்போம். விடியற்காலையில் ஹவுராவில் இறங்கி, அன்றிரவே அங்கிருந்து ரயில் ஏற வேண்டும். உறவினர் ஒருவர் தட்சிணேசுவரம், பேலூர் மடம் தொடங்கி அறிவியல் நகரம் வரை பதினான்கு இடங்களைக் குறித்துக் கொடுத்திருக்கிறார். என் கணவருக்கு அருங்காட்சியகம் என்றால் உயிர். எனக்குக் காளியைத் தரிசிக்க வேண்டும். முழங்கால் வலியும் உண்டு. எப்படித் திட்டமிடுவது? (வாசகி, பல்லாவரம்)

பதில்: அந்தப் பட்டியலை முழுதாக முடிக்க முயன்றால், பகலில் பாதியை டாக்ஸியின் பின்னிருக்கையில்தான் கழிக்க வேண்டியிருக்கும். தட்சிணேசுவரமும் பேலூரும் நகருக்கு வடக்கே ஹூக்ளியின் எதிரெதிர்க் கரைகளில் இருப்பவை. அறிவியல் நகரமோ கிழக்கே புறவழிச் சாலையில் இருக்கிறது. டிசம்பரில் அங்கே ஐந்து மணியளவிலேயே பொழுது சாய்ந்துவிடும் என்பதால், சென்னைக் கணக்கில் ஆறு மணி வரை வெளிச்சத்தை நம்பிவிடவும் கூடாது. தட்சிணேசுவரத்துக்கு மெட்ரோ ரயில் உண்டு என்றாலும், போய் வரிசையில் நின்று தரிசித்து, படகேறிப் பேலூரையும் பார்த்துத் திரும்புவதற்குள் அரை நாள் கரைந்துவிடும். ஆகவே காளிதரிசனத்தைக் காளிகட்டில் வைத்துக்கொண்டு, நகரின் நடுப்பகுதியை விட்டு வெளியே போகாமல் இருப்பதே உங்கள் இருவருக்கும் பொருந்தும் என்பது என் கருத்து.

பெட்டிகளைப் பூட்டி ஹவுரா நிலையத்தின் பொருள் பாதுகாப்பு அறையில் வைத்துவிடுங்கள். வெளியே வந்தவுடன் கண்முன்னே நிற்பது ஹவுரா பாலம். 1943இல் திறக்கப்பட்டு, 1965இல் ரவீந்திர சேது என்று பெயர் மாற்றப்பட்ட இந்தப் பாலத்துக்கு ஆற்றின் நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. ஏறத்தாழ 26,500 டன் எஃகைத் தறையாணி (ரிவெட்) அறைந்தே இணைத்திருக்கிறார்கள். நடந்து கடக்க முடியாவிட்டால் பேருந்தில் ஏறி மறுகரையில் இறங்கிக்கொள்ளலாம். பாலத்தின் தென்கிழக்கு முனையில், கீழே இருப்பது மல்லிக் காட் பூச்சந்தை. மஞ்சளும் செம்மஞ்சளுமான செண்டுமல்லி மாலைகளை வடக்கயிறு போலச் சுருட்டித் தலைச்சுமையாகத் தூக்கி வருபவர்கள் யாருக்காகவும் நிற்பதில்லை. குரல் கேட்டவுடன் ஓரமாக ஒதுங்கிவிட வேண்டும். காளிக்கு உகந்த செம்பருத்தி மொட்டு மாலைகளை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். தரை எப்போதும் ஈரமாக இருக்கும் என்பதால் வழுக்காத செருப்பு மிகவும் அவசியம். உங்கள் முழங்காலுக்கு அன்றைய சோதனை இதுதான்.

அங்கிருந்து டாக்ஸியில் காளிகட் சென்றுவிடுங்கள். காலை நேரத்தில் சாலை ஓரளவு காலியாக இருக்கும். செவ்வாய், சனிக்கிழமைகளில் கூட்டம் நெரியும். பிற்பகலில் சில மணி நேரம் நடை சாத்தப்படும். விரைவாகத் தரிசனம் செய்து வைப்பதாக வழிமறிக்கும் பண்டாக்களிடம், தேவையில்லை என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். பேச்சுக் கொடுத்தால் தட்சிணைத் தொகை ஏறிக்கொண்டே போகும்.

காளிகட் நிலையத்திலிருந்து பார்க் ஸ்ட்ரீட்டுக்கு ஒரே மெட்ரோ. இறங்கினால் அருகிலேயே இந்திய அருங்காட்சியகம். 1814இல் ஆசியக் கழகத்தால் தொடங்கப்பட்டது. இன்றைய கட்டடம் 1875ஆம் ஆண்டைச் சேர்ந்தது. திங்கள்கிழமை விடுமுறை என்பதால் பயண நாளை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் எகிப்திய மம்மியைப் பார்க்க ஓடுவார்கள். உங்கள் கணவரை முதலில் பார்ஹுத் காட்சிக்கூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்தத் தூபியொன்றின் செந்நிறக் கல்வேலி, ஒரு கூடம் முழுக்க எழுப்பி நிறுத்தப்பட்டிருக்கிறது. அதிலுள்ள வட்டச் சிற்பம் ஒன்றில், புத்தருக்காக ஜேதவனம் என்ற தோப்பை விலைக்கு வாங்கும் வணிகர் அனாதபிண்டிகன், நிலம் முழுவதும் பொற்காசு பரப்பும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது. நுகத்திலிருந்து அவிழ்த்துவிடப்பட்ட மாடுகள் படுத்திருக்கின்றன; வண்டி இறக்கி நிறுத்தப்பட்டிருக்கிறது; ஆட்கள் சதுரக் காசுகளைத் தளக்கல் பதிப்பதுபோல் வரிசையாக அடுக்குகிறார்கள். இந்த ஒரு கூடத்துக்கு ஒரு மணி நேரம் கொடுத்துவிட்டு, மற்றவற்றை மேலோட்டமாகப் பார்த்தாலும் நட்டமில்லை.

பிற்பகலில் விக்டோரியா நினைவகம். 1906இல் அடிக்கல் நாட்டி 1921இல் திறக்கப்பட்ட இந்த வெண்பளிங்கு மாளிகையின் தோட்டத்துக்கும் உள்ளரங்கத்துக்கும் தனித்தனிக் கட்டணம். உங்களுக்குத் தோட்டமே போதும். அங்கே இளம் இணைகள் வெயிலே இல்லாத வேளையிலும் குடை விரித்து அமர்ந்திருப்பார்கள். திருமணமாகிப் பல ஆண்டுகள் ஆன உங்களுக்குக் குடைச் செலவு மிச்சம்.

உள்ளரங்கத்தை விட்டுவிடச் சொல்வதற்குக் காரணம், பல்லாவரத்துக்காரர்களான நீங்கள் பார்த்தே ஆக வேண்டிய ஒரு கல் அந்நகரில் இருப்பதுதான். பழைய டல்ஹவுசி சதுக்கத்தின் அருகே உள்ள புனித ஜான் தேவாலய வளாகத்தில், ஆங்கிலேயக் கம்பெனியின் வணிகர் ஜாப் சார்னாக்கின் கல்லறை இருக்கிறது. இவரே கொல்கத்தாவை நிறுவியவர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்ததை, 2003இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் ஏற்க மறுத்தது. அது ஒருபுறம் இருக்க, அவர் கல்லறையின் கருங்கல் உங்கள் ஊர்ப் பக்கத்துப் பாறை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அதை ஆராய்ந்த நிலவியல் அறிஞர் தாமஸ் ஹாலந்து, அவ்வகைப் பாறைக்குச் சார்னாக்கின் பெயராலேயே சார்னோகைட் என்று பெயரிட்டார். பரங்கிமலையிலும் பல்லாவரம் குன்றுகளிலும் நீங்கள் அன்றாடம் காண்பதும் அதே பாறைதான். மாலை நான்கு மணிக்குள் அங்கே சென்றுவிட்டால், பிறகு ஃபேர்லி படித்துறையில் படகேறி, பொழுது சாயும் நேரத்தில் பாலத்தைப் பார்த்தபடியே ஹவுராவுக்குத் திரும்பிவிடலாம்.

கேள்வி: ஆற்றுக்கடியில் ஓடும் மெட்ரோவிலும் டிராமிலும் என் மனைவியை அழைத்துச் செல்ல ஆசைப்படுகிறேன். ஜன்னல் வழியே தண்ணீர் தெரியுமா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: தெரியாது. 2024 மார்ச்சில் தொடங்கப்பட்ட ஹவுரா மைதான் – எஸ்பிளனேட் தடத்தில் ரயில் ஓடுவது ஆற்றுப்படுகைக்கும் கீழே குடையப்பட்ட சுரங்கத்தில். ஆற்றுக்கு அடியிலான 520 மீட்டரும் முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். சுவரில் நீல விளக்குகள் எரிவதை வைத்துத்தான் ஆற்றின் அடியில் இருக்கிறோம் என்று அறியலாம். ஆனால் ஹவுரா மெட்ரோ நிலையத்துக்குள் நகரும் படிக்கட்டுகளில் இறங்கிக்கொண்டே இருப்பது நல்ல அனுபவம். டிராம் 1873இல் குதிரை பூட்டி ஓடத் தொடங்கி, 1902இல் மின்சாரத்துக்கு மாறியது. 2024 செப்டம்பரில், எஸ்பிளனேட் – மைதான் தடத்தைத் தவிர மற்றவற்றை நிறுத்தப்போவதாக மாநில அரசு அறிவித்தது, வழக்கும் நடந்தது. எனவே டிராமை நம்பி நாளைத் திட்டமிடாதீர்கள். எஸ்பிளனேடில் கண்ணில் பட்டால் ஏறிக்கொள்ளுங்கள்.

கேள்வி: இருவருமே சைவம். கொல்கத்தாவில் பட்டினி கிடக்க நேருமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: நேராது, ஆனால் பருப்பிலும் மீன்தலையைப் போட்டுச் சமைக்கும் ஊர் என்பதால், “நிராமிஷ்” (சைவம்) என்று சொல்லிக் கேட்டுக்கொள்வது நல்லது. காலையில் கச்சோரியும் உருளைக்கிழங்குக் குழம்பும், மதியம் லூச்சி என்ற மைதா பூரியும் தேங்காய்த் துண்டு போட்ட கடலைப்பருப்பும் எளிதில் கிடைக்கும். காளிகட்டை ஒட்டிய லேக் மார்க்கெட் பகுதியில் தமிழர்கள் நெடுங்காலமாக வாழ்வதால் இட்லிக்கும் காபிக்கும் குறைவில்லை. குளிர்காலத்தில் போனால் புது ஈச்சவெல்லத்தில் செய்த சந்தேஷ் என்ற பால் இனிப்பை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். மற்ற மாதங்களில் அந்த மணம் இருக்காது.