16 கோர் பழைய சர்வரா, 8 கோர் ரைசனா?

பாளையங்கோட்டையிலிருந்து ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் ஒருவர் எழுதியிருக்கிறார். பொதுமக்களின் கம்ப்யூட்டர்களுக்கு இணையம் வழியாகக் கணக்கு வேலையை அனுப்பி, புரத ஆராய்ச்சிக்கு உதவும் ரொசெட்டா அட் ஹோம் திட்டத்துக்காக ஒரு கம்ப்யூட்டரை இரவு பகலாக ஓடவிட ஆசையாம். ஜங்ஷன் பக்கம் ஒரு கடையில் இரண்டு இன்டெல் ஜியான் இ5-2670 பிராசஸர் போட்ட பழைய சர்வரை மலிவாகத் தருகிறார்கள், 16 கோர் (பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் பகுதி) இருக்கிறது, வாங்கலாமா, ஈபி பில் எவ்வளவு ஏறும் என்று கேட்கிறார்.

வாங்காதீர்கள் சார். அது 2012இல் வந்த பிராசஸர். ஒன்றுக்கு 115 வாட், இரண்டுக்கு 230. ராம், போர்டு, ஃபேன் எல்லாம் சேர்த்தால் 300 வாட் என்று வையுங்கள். 100 வாட் இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்துக்கு 144 யூனிட். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும். சர்வர் மட்டும் 432 யூனிட் குடிக்கும். மேலே வீட்டு ஃபேன், ஃபிரிட்ஜ், தண்ணீர் மோட்டார் இருக்கின்றன. 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமா விலை கூடுகிறது? அதற்குக் கீழே உள்ள யூனிட் சிலவற்றின் விலையும் கூடுகிறது. ரீடிங் எடுக்க வருகிறவர் இதையெல்லாம் சொல்லமாட்டார். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவைதான் பில் என்பதால், தப்பு நடப்பது தெரிவதற்குள் 60 நாள் ஓடிவிடும்.

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 5700எக்ஸ் போன்ற 8 கோர் பிராசஸர் அந்த இரண்டு ஜியானையும்விட அதிக வேலை முடிக்கும். பெட்டியில் 65 வாட் என்று போட்டிருக்கும். முழு கம்ப்யூட்டரும் 120 வாட் இழுத்தாலும் 173 யூனிட்தான். கோர் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். ஒரு யூனிட் கரண்டுக்கு எவ்வளவு வேலை முடிகிறது என்று பாருங்கள். ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நட்சத்திரம் ஒட்டச் சொல்கிற அரசாங்கம் பிராசஸர் பெட்டியை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அதனால் பெட்டியில் உள்ள வாட்டையும் அப்படியே நம்ப முடியாது. இன்டெல் ஐ7-12700இலும் 65 வாட் என்றுதான் இருக்கும், முழு வேகத்தில் 180 வரை போகும். கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புப் பக்கமான பயாஸில் இந்த வாட் வரம்பைக் குறைத்து வைக்கலாம். கடைக்காரரையே செய்து தரச் சொல்லுங்கள்.

கடைக்காரர் என்றதும் சொல்லியே ஆக வேண்டும். "ஐ7 சார்" என்பார் அண்ணாச்சி. எந்தத் தலைமுறை ஐ7 என்று கேட்டால் பேச்சு ராம் பக்கம் திரும்பிவிடும். அதைவிட மோசம், கேபினெட்டோடு "சும்மா" வருகிற எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டி. 450 வாட் என்று ஸ்டிக்கர் இருக்கும், எடுத்தால் பொம்மை மாதிரி கனமே இருக்காது. ஒரு பகுதி கரண்ட் அதிலேயே சூடாகப் போய்விடும். சித்திரை வெயிலில் 24 மணி நேரமும் ஓட்டினால் அது போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். கரண்டை அதிகம் வீணாக்காது என்பதற்கான 80 பிளஸ் சான்று உள்ளதைத் தனியாக வாங்குங்கள். "இதை ஓடவிட்டால் மாதம் இவ்வளவு வருமானம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். இது தொண்டு, காசு கிடையாது.

ஒரே ஒரு இடத்தில் பழைய சர்வருக்கு நான் தலையாட்டுவேன். மாடியில் சோலார் பேனல் இருந்து, பகலில் உங்கள் தேவைக்கு மேல் கரண்ட் மிஞ்சினால். ரொசெட்டாவை ஓட்டும் பாயிங்க் (BOINC) மென்பொருளில் எந்த நேரம் முதல் எந்த நேரம்வரை ஓட வேண்டும் என்று குறிக்கலாம். காலை 10 முதல் 3 வரை வையுங்கள். மேகம் மூடிய நாளில் நிறுத்திவிடுங்கள். இரவில் கண்டிப்பாகக் கூடாது. இன்வெர்ட்டர் பேட்டரியில் ஓட்டுவது இதில் சேராது, பேட்டரி சீக்கிரம் போய்விடும். பேனலே இல்லாமல் "பிறகு போடப்போகிறேன்" என்பதும் சேராது.

ராம் 32 ஜிபி போடுங்கள். ரொசெட்டா அனுப்பும் ஒரு வேலைத்துண்டே 1 ஜிபிக்கு மேல் கேட்பதுண்டு. 5700எக்ஸில் திரைக்குப் படம் தரும் வசதி கிடையாது, சின்ன கிராபிக்ஸ் கார்டு ஒன்று வேண்டும். சின்ன யூபிஎஸ்ஸும் வேண்டும். கூடங்குளத்தில் 1000 மெகாவாட் உலைகள் இரண்டு, ராதாபுரம் பக்கம் பார்த்த இடமெல்லாம் காற்றாலை. இருந்தும் கரண்ட் போகத்தான் செய்கிறது. போனால், கடைசியாகச் சேமித்த இடத்துக்குப் பிறகு செய்த வேலை வீண்.

காசு கொடுக்கும் முன் பிராசஸர், எஸ்எம்பிஎஸ் இரண்டின் முழு மாடல் எண்ணையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள்.