நிறம் பழத்தினுடையதா, சாயமா?

கேள்வி: டீத்தூளில் சாயம் இருக்குமோ என்று சந்தேகம். வீட்டிலேயே பார்க்கலாமா?

பார்க்கலாம். ஃபில்டர் பேப்பரைப் பச்சைத் தண்ணீரில் நனைத்து, மேலே கொஞ்சம் தூளைத் தூவுங்கள். தூவியவுடனே திட்டுத்திட்டாக நிறம் பரவினால் சாயம் ஏற்றிய தூள். வெந்நீரில் செய்யாதீர்கள், நல்ல தூளும் அதில் நிறம் இறக்கும்.

கேள்வி: பாட்டில் ஜூஸ் இவ்வளவு சிவப்பாக இருக்கிறதே, பழத்தின் நிறம்தானா?

ஒரு முழம் வெள்ளைக் கம்பளி நூல் எடுங்கள். ஜூஸில் சில சொட்டு வினிகர் விட்டு, நூலைப் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, குழாயடியில் நன்றாக அலசிப் பாருங்கள். பழத்தின் நிறம் பெரும்பாலும் போய் மங்கலான கறைதான் மிஞ்சும், செயற்கைச் சாயமோ நூலை விடவே விடாது, ஏனென்றால் புளிப்புச் சேர்ந்தால் கம்பளியின் புரதம் அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். பருத்தி நூல் வேலைக்காகாது. ஆனால் ஒன்று, அனுமதிக்கப்பட்ட சாயமும் இப்படித்தான் ஒட்டும். அதனால் அப்புறம் லேபிளைப் படியுங்கள். டார்ட்ரசின் (இ102) உள்ளிட்ட ஆறு சாயங்களில் ஏதாவது சேர்ந்தால், குழந்தைகளின் நடத்தையையும் கவனத்தையும் பாதிக்கலாம் என்று எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் 2010 முதல் சட்டம். என்னைக் கேட்டால் சின்னப் பிள்ளைகளுக்கு அதை வாங்கவே வேண்டாம்.

கேள்வி: ஜூஸ் கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட் ஆபத்தா?

அளவோடு இருந்தால் பயமில்லை. அதோடு வைட்டமின் சி-யும் (அஸ்கார்பிக் அமிலம்) சேர்ந்திருந்தால், சூட்டிலும் வெளிச்சத்திலும் கொஞ்சம் பென்சீன் உருவாகலாம், அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள். லேபிளில் இரண்டும் இருந்தால் பாட்டிலை வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள்.

கேள்வி: பாலில் யூரியா?

ஒரு ஸ்பூன் பாலில் அரை ஸ்பூன் சோயா மாவைக் கலக்கி ஐந்து நிமிடம் விட்டு, சிவப்பு லிட்மஸ் தாளை நனையுங்கள். நீலமானால் யூரியா கலந்திருக்கிறது, சோயாவிலுள்ள நொதி அதை அமோனியாவாக மாற்றிவிடும். ஆனால் தாள் நிறம் மாறவில்லை என்பதற்காகப் பால் சுத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். 2008-ல் சீனாவில் மெலமைன் (பிளாஸ்டிக் செய்யப் பயன்படும், நைட்ரஜன் நிறைந்த வேதிப்பொருள்) கலந்த பால்பவுடரால் ஏறக்குறைய 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 குழந்தைகள் இறந்தே போனார்கள். நைட்ரஜனை அளந்து புரதத்தைக் கணக்கிடும் ஆய்வகச் சோதனையையே மெலமைன் ஏமாற்றியது, நம் அடுப்படிச் சோதனை எம்மாத்திரம்! குழந்தைக்குக் கொடுத்த பவுடரில் சந்தேகம் வந்தால் கொடுப்பதை உடனே நிறுத்துங்கள், டப்பாவைத் தூக்கிப் போடாமல் மூடி, தொகுதி எண் (பேட்ச் நம்பர்) கிழியாமல் உணவு ஆய்வகத்தில் கொடுங்கள்.