மண்ணைப் புரட்டாதவர்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தோனேசியாவில், போர்னியோ தீவின் பாஞ்சார்மாசினில் நிலக்கரி ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சொந்த ஊர் மன்னார்குடிப் பக்கம், அப்பா விவசாயி. வேலை நிமித்தம் பாரிட்டோ ஆற்றங்கரைக் கிராமங்களுக்கு அடிக்கடி போகிறேன். அங்கும் நெல்தான், ஆனால் வருடத்துக்கு ஒரே போகம். நிலத்தை உழுவதே இல்லை. நீண்ட அரிவாள் மாதிரி ஒன்றால் புல்லை வெட்டிப் போட்டுவிட்டு வாரக்கணக்கில் சும்மா இருக்கிறார்கள். ஒரே நாற்றை மூன்று முறை பிடுங்கி மாற்றி வைக்கிறார்கள். பத்து மாதம் கழித்து ஹெக்டேருக்கு இரண்டரை டன். எங்கள் நிறுவனத்தில் கிராம நலனுக்கென்று நிதி இருக்கிறது. பவர் டில்லர் வாங்கித் தரலாம் என்று போய்ச் சொன்னேன். பெரியவர்கள் சிரித்தார்கள், டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இந்தச் சோம்பலை எப்படி மாற்றுவது? மிதக்கும் சந்தை பற்றியும் நீங்கள் எழுத வேண்டும். இன்னொன்று, இங்கே ஹாருவான் என்கிறார்களே, அது நம் விரால்தானா?

அன்புடன்
ம.

அன்புள்ள ம.,

விரால்தான். சந்தையைப் பார்க்க லோக் பைந்தானுக்கு விடியும் முன்பே போய்விடுங்கள். அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள், நான் எதற்கு?

உங்கள் அக்கறையைச் சந்தேகிக்கவில்லை. வெளிநாட்டு வேலைக்குப் போனவர் வயலை நின்று பார்த்ததும், அதைப் பார்த்தபோது அப்பாவின் வயல் நினைவுக்கு வந்ததும் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் ‘சோம்பல்’ என்று எழுதினீர்களே, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தப் பதில். நம் மொழியில் விவசாயிக்கு உழவர் என்றே பெயர். உழாதவன் விவசாயியே இல்லை என்று அந்தப் பெயர் நமக்குள் பதிந்துவிட்டது. சில மாதங்களாக இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

நீங்கள் நின்று பார்த்தது காவிரி வண்டல் அல்ல. ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடலோர அலையாத்திக் காடு இருந்தது. கடல்நீரின் கந்தகமும் சேற்றின் இரும்பும் காற்றுப் படாத சகதியில் கூடி, பைரைட் என்ற தாதுவாகப் படிந்தன. அதன்மேல் ஆறு வண்டலைப் போட்டு மூடியது. பல வயல்களில் அந்த அடுக்கு அரை மீட்டர், ஒரு மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. சில இடங்களில் அதைவிட மேலேயே இருக்கிறது. நீருக்கடியில் கிடக்கும்வரை அதனால் தொல்லை இல்லை. காற்றுப் பட்டால் கந்தக அமிலமாகிவிடும். மண்ணின் பிஎச் 3.5-க்கும் கீழே இறங்கும். அலுமினியம் கரைந்து வேரைக் குட்டையாக்கும். இரும்பு கரைந்து வேரில் துருவாகப் பூசிக்கொள்ளும், இலை நுனியிலிருந்து செம்பழுப்பாகக் கருகும். முதல் மழையில் அந்த அமிலம் வாய்க்காலுக்கு வரும்போது மீன் செத்து மிதக்கும். கேரளத்தில் குட்டநாட்டின் கரி நிலங்களுக்கும் இதே நோய் உண்டு.

டில்லர் பதினைந்து சென்டிமீட்டர்தானே இறங்கும் என்பீர்கள். சரி. ஆனால் டில்லர் புதையாமல் ஓட நிலம் வடிய வேண்டும். நிலம் வடிய வாய்க்காலை ஆழப்படுத்துவீர்கள். வெயில் காலத்தில் நிலத்தடி நீர் அந்த ஆழத்துக்கு இறங்கும். உழுமுனை எட்டாத இடத்தைக் காற்று எட்டிவிடும். தோண்டிய மண்ணைக் கரையில் கொட்டுவீர்கள், அதிலும் பைரைட் இருக்கும், மழைக்கு மழை அமிலம் வயலுக்குள் இறங்கும். இரண்டு மூன்று போகம் கழித்து நிலத்தைக் கைவிடுவார்கள், கலாம் மரம் முளைத்துவிடும். அந்தப் பக்கம் வயல் நடுவே வெள்ளைப் பட்டை உரியும் கலாம் கூட்டமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அமிலத்தைத் தாங்குகிற மரம் அது. அப்படி நிற்கிற பல இடங்கள் ஒரு காலத்தில் யாரோ நெல் போட்ட நிலங்கள்.

இப்போது அந்த ‘அரிவாள்’. அதன் பெயர் தாஜக். வளைவாகப் பிடி பொருத்திய நீண்ட அலகு. கணுக்கால் அளவு தண்ணீரில் நின்று வீசினால் புல்லும் கோரையும் வேர்க்கழுத்தில் அறுபடும். கூடவே விரற்கடை மண் சீவப்படலாம், அதற்குமேல் மண் அசையாது. பழகிய கை வீசும்போது அலகு மண்ணைக் கிளறாமல் தண்ணீருக்குள் வழுக்கிக்கொண்டு போகும், பின்னால் கலங்கல் குறைவாகத்தான் எழும். வெட்டியதைப் பத்துப் பதினைந்து நாள் தண்ணீரிலேயே ஊறவிடுவார்கள். பிறகு தலையளவு உருண்டைகளாகச் சுருட்டி வைப்பார்கள், அது புந்தால். சில வாரம் கழித்து அடிப்பக்கம் மேலே வரும்படி புரட்டுவார்கள், அது பாலிக். நன்றாக மக்கியதும் பிய்த்து வயல் முழுக்கப் பரப்புவார்கள், அது ஹம்பார். நீங்கள் ‘சும்மா இருக்கிறார்கள்’ என்று எழுதிய வாரங்களில் உரம் தயாராகிக்கொண்டிருந்தது. உழவு, களையெடுப்பு, அடியுரம் மூன்றும் அந்த ஒரே வேலைக்குள் அடங்கிவிடுகின்றன. இன்று நிறையப் பேர் தாஜக்கைப் போட்டுவிட்டுக் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். கூலி மிச்சம். ஆனால் மருந்தில் காய்ந்த கோரையை உருட்டி மக்கவைக்கும் வேலையும் அதோடு கைவிட்டுப் போகிறது. எனக்கு இதில் வருத்தம்தான்.

நாற்று விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபர், நவம்பரில் கரை மேட்டில் கோலால் குழி போட்டு, குழிக்கு ஒரு சிட்டிகை விதையிட்டு, சாம்பல் தூவி மூடுவது தராடாக். ஹெக்டேருக்கு ஐந்து முதல் பத்து கிலோ விதை போதும். உங்கள் அப்பாவைக் கேளுங்கள், அவர் ஏக்கருக்கே இருபது முப்பது கிலோ சொல்வார். 35, 40 நாளில் அந்தக் கொத்துகளைப் பிரித்து வயல் ஓரத்தில் வைப்பது அம்பக். இன்னொரு 40 நாளில் மறுபடி பிரித்து வயலின் ஒரு பகுதியில் வைப்பது லாச்சக். அங்கே ஏறக்குறைய இரண்டு மாதம். மார்ச், ஏப்ரலில் நுனியைக் கிள்ளிவிட்டு வயல் முழுக்க நடுவார்கள். அறுவடை ஆகஸ்டை ஒட்டி.

ஏன் இத்தனை முறை? ஒவ்வொரு பிரிப்பிலும் தூர் பெருகுகிறது, விதை மிச்சமாகிறது. அது சின்னக் காரணம். பெரிய காரணம் தண்ணீர். மழை உச்சத்தில் வயலில் முழங்காலுக்கு மேல் நிற்கும், 25 நாள் நாற்று மூழ்கி அழுகிவிடும். நான்கு மாத நாற்று இடுப்பளவு உயரம் இருக்கும், தண்ணீருக்கு மேலே தலையை வைத்துக்கொள்ளும். அந்த நான்கு மாதத்தில் மழையும், ஆற்றில் ஏறி இறங்கும் கடலின் ஓதமும் வயலின் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவி ஆற்றுக்கு அனுப்பியிருக்கும். பயிர் இறங்குவதற்குள் நிலம் தயார்.

சியாம், பாயார் முதலான அந்த நெல் வகைகள் நாள் குறுகினால்தான் பூக்கும். பாஞ்சார்மாசின் நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகைத் தெற்கே இருக்கிறது. அங்கே வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அரை மணி நேரம்கூட வித்தியாசம் கிடையாது. அந்தச் சில நிமிடங்களை நெல் கண்டுகொள்கிறது. எப்போது விதைத்தாலும் தண்ணீர் வடிகிற பருவத்தில்தான் கதிர் வரும். வெள்ளத்தில் கதிர் சாய்வதில்லை. இப்படி ஒரு நெல்லைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி வைத்தவர்களையா சோம்பேறி என்றீர்கள்?

இரண்டு போகம் அவர்களுக்குத் தெரியாததும் அல்ல. ‘சாவிட் டூபா’ என்று ஒரு முறை உண்டு. லாச்சக் நாற்று வயலின் ஒரு மூலையில் வளரும்போதே மீதி நிலத்தில் குறுகிய கால நெல் போட்டு அறுத்துவிட்டு, அதே நிலத்தில் உள்ளூர் நெல்லை நடுவார்கள். தண்ணீர் இடம் கொடுக்கிற வயல்களில் மட்டும்.

அவர்களுடைய வாய்க்கால் ஹண்டில். ஆற்றிலிருந்து உள்ளே இரண்டு மூன்று கிலோமீட்டர் கையால் வெட்டியது. ஓதம் உள்ளே தள்ளும் தூரம்வரை வெட்டுவார்கள், அதற்குமேல் போகமாட்டார்கள். அங்கே ஆழமான கரிச்சேறு, அதாவது முழுதாக மக்காத செடிகொடிகள் படிந்த பீட் நிலம், தொடங்கும் என்று தெரியும். 1995 இறுதியில் அதிபர் சுகார்த்தோவின் அரசு பக்கத்து மாகாணமான மத்திய கலிமந்தானில் பத்து லட்சம் ஹெக்டேர் நெல் என்று அறிவித்து, நான்காயிரம் கிலோமீட்டருக்கும் மேலாக வாய்க்கால் வெட்டியது. ஆறுகளுக்கு நடுவே மேடிட்டுக் கிடந்த கரிச்சேற்றைக் கிழித்துக்கொண்டு வெட்டினார்கள். சேறு வடிந்து காய்ந்தது. 1997 வறட்சியில் மாதக்கணக்கில் எரிந்தது. 1999-இல் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஹண்டில் எங்கே நின்றது, ஏன் நின்றது என்று ஒருவரைக் கேட்டிருந்தால் போதும்.

உங்கள் நிதிக்கு வருகிறேன். நாள்தோறும் ஓதம் ஏறி இறங்கும் ஆற்றோர வயல்களில், பைரைட் ஒரு மீட்டருக்குக் கீழே இருந்தால், ஆழமில்லாமல் டில்லர் ஓட்டலாம். அங்கே சிலர் ஓட்டுகிறார்கள். அதற்கு முன் மண் துளைக்கும் குழாயால் இருபது சென்டிமீட்டருக்கு ஒரு மாதிரி எடுத்து, 30 சதவீத ஹைட்ரஜன் பெராக்ஸைடைச் சில சொட்டு விடுங்கள். கையுறை கட்டாயம். பொங்கி நுரைத்து, பிஎச் 2.5-க்குக் கீழே போனால் அதுதான் பைரைட். அந்த ஆழத்துக்கு மேலேயே எல்லாம் நடக்க வேண்டும்.

டில்லரைவிட மதகு உதவும். ஒற்றை வாய்க்காலில் ஓதம் உள்ளே வந்து அதே வழியில் திரும்புகிறது. கடைசிப் பகுதியின் அமில நீர் முன்னும் பின்னும் ஆடுமே தவிர ஆற்றுக்குப் போய்ச் சேராது. பக்கத்துப் பக்கத்து ஹண்டில்களில் ஒன்றை வரத்துக்கும் மற்றதை வடிகாலுக்கும் வைத்து, உலின் மரத்தில் ஒருபக்கம் மட்டும் திறக்கும் கதவு போட வேண்டும். வரத்தில் உள்நோக்கி, வடிகாலில் வெளிநோக்கி. மழை முடியும் தறுவாயில் வடிகாலைப் பலகை வைத்து அடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் நிலத்தடி நீர் இறங்கிப் பைரைட்டுக்குக் காற்றுப் படும். வரத்து வாய்க்காலில் வளர்கிற எலிக்கோரையை, அங்கே புருன் திக்குஸ் என்பார்கள், ஒட்டச் சுத்தம் செய்யச் சொல்லாதீர்கள். இரும்பை அது பிடித்துக்கொள்கிறது.

மறுபடி அந்தப் பெரியவர்களிடம் போங்கள். டில்லர் பேச்சை எடுக்காதீர்கள். ஹண்டிலின் கடைக்கோடியில் தண்ணீர் எந்த மாதம் சிவக்கிறது என்று கேளுங்கள்.