1799 சென்ட்: கடைசி 9 உண்மையானதா?

வணக்கம். தங்களிடமுள்ள அமெரிக்கப் பெரிய சென்ட் என்ற பழைய செம்பு நாணயத்தின் எடை 10.8 கிராம் என்றும், காந்தம் அதை ஈர்க்கவில்லை என்றும் சொல்லி, 1799 அசல்தானா என்று கேட்டிருந்தீர்கள். அந்த இரு சோதனைகளும் இங்கே போதா. ஏனெனில் மோசடிக்காரர்கள் எளிதில் கிடைக்கும் 1798 சென்டின் 8-ஐச் சுரண்டி 9 ஆக்குவதுண்டு, அதுவும் 10.89 கிராம் நிர்ணய எடையில் அடிக்கப்பட்ட அசல் செம்புதான். பத்து மடங்கு லென்ஸில், ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்து, கடைசி எண்ணைச் சுற்றியுள்ள பரப்பு மட்டும் பள்ளமாகவோ நிறம் மாறியோ உள்ளதா என்று பாருங்கள். ஆனால் 8-இன் தடம் தெரிவதாலேயே போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்: ஷெல்டன் எண் (பழைய சென்ட் வகைகளுக்கான பட்டியல் எண்) 188, நாணயசாலையின் அச்சிலேயே 8-இன் மேல் 9 பொறிக்கப்பட்ட வகை, மற்றொன்றான 189-இல் அது இராது. நாணயத்திலுள்ள உருவத்தின் தலைமுடி, எழுத்துகளின் இடம் இவ்விரண்டில் ஒன்றோடு அப்படியே பொருந்த வேண்டும். தயவுசெய்து புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள்.