கலர் ஃபிலிமைக் கறுப்பு வெள்ளையாக்குவது: கேள்வி பதில்

கேள்வி (ரோஸ் ஹில், மொரிஷியஸ்): அண்ணா, அம்மாவின் கல்யாண நெகட்டிவை ஸ்கேன் செய்து நிறத்தை எடுத்துவிட்டேன். பச்சைச் சேலையும் சிவப்புக் கரையும் ஒரே சாம்பலாகிவிட்டன.

பதில்: நிறத்தை மட்டும் உருவினால் அப்படித்தான், பிரகாசம் ஒன்றாக உள்ள இரண்டு நிறமும் கலந்துபோகும். படத்திருத்த மென்பொருளில் சானல் மிக்ஸரை (படத்தின் சிவப்பு, பச்சை, நீலப் பங்குகளான சானல்களைக் கலக்கும் கருவி) திறந்து, மோனோக்ரோம் (கறுப்பு வெள்ளை) என்பதை டிக் செய்யுங்கள். சிவப்பு 70, பச்சை 30, நீலம் 0 என்று வைத்தால் கரை வெளுக்கும், சேலை இருளும். சிவப்பையும் பச்சையையும் மாற்றிப் போட்டால் கரை கறுக்கும். கூட்டினால் 100 வரட்டும். அந்தக் காலத்தில் லென்ஸில் மாட்டிய சிவப்பு ஃபில்டரை இத்தனை வருடம் கழித்து மாட்டுகிறோம், அவ்வளவுதான். நானாக இருந்தால் கரையைக் கறுப்பாகவே விடுவேன்.

கேள்வி (காத்ர் போர்ன்): கோர் தெ கார்த் மலைக் கோயில் காவடிப் படங்கள். முகங்கள் இருண்டு கிடக்கின்றன.

பதில்: சிவப்பை ஏற்றினால் நம் தோல் வெளிச்சமாகும், நீல வானமும் கறுக்கும். ஆனால் முழுக்க ஏற்றிவிடாதீர்கள். சிவப்புச் சானலில் குங்குமம் நெற்றியோடு கரைந்துவிடும், உதடும் வெளிறிப்போகும். ஒருமுறை நானே என் சித்தியின் பொட்டை அழித்துவிட்டு வாங்கிக்கட்டிக்கொண்டேன்! பச்சை 40க்குக் குறையாமல் வையுங்கள். விபூதிக்குக் கவலையில்லை, எந்தச் சானலிலும் வெள்ளைதான். மஞ்சள் வேட்டி மட்டும் நீலத்தை ஏற்றினால் கறுத்துவிடும். தைப்பூசத்தன்று மேகம் மூடி வானம் ஏற்கெனவே வெளுத்திருந்தால் எந்தச் சானலும் உதவாது.

கேள்வி: நீலத்தை ஏற்றினால் ஏன் பொரிபொரியாகத் தெரிகிறது?

பதில்: கலர் நெகட்டிவின் ஆரஞ்சுச் சாயல் நீல ஒளியை அதிகம் தடுக்கிறது. ஸ்கேனர் அந்தச் சொற்ப ஒளியைப் பெருக்கும்போது இரைச்சலும் (அந்தப் பொரிகள்தான்) பெருகுகிறது. 10க்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

கேள்வி (மஹேபூர்): கறுப்பு வெள்ளைதானே வேண்டும், ஸ்கேனரிலேயே கிரே என்று வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். சானல்கள் போய்விட்டால் பிறகு கலக்க ஒன்றும் இருக்காது. கலரில், 16 பிட்டில் (ஒவ்வொரு சானலிலும் நிறப்படிகள் அதிகம் கிடைக்கும் அமைப்பு) எடுங்கள். தூசி நீக்கும் இன்ஃப்ராரெட் வசதியையும் போடுங்கள். கலர் ஃபிலிமின் சாயத்தை அந்த ஒளி ஊடுருவும், தூசி மட்டும் நிழலாக நிற்கும். வெள்ளி உள்ள அசல் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் இது எடுபடாது.

கேள்வி: பூஞ்சை பிடித்த நெகட்டிவைத் தண்ணீரில் கழுவலாமா?

பதில்: ஐயோ, கூடாது. பூஞ்சை ஜெலட்டினைக் கரையும்படி ஆக்கியிருக்கும். படமே கழுவிக்கொண்டு போய்விடும்.

கேள்வி: பழைய பிரிண்ட் சிவந்து போயிருக்கிறது. தேறுமா?

பதில்: சிவப்பொளியைத் தடுக்கும் சயான் (நீலப்பச்சை) சாயம் வெளுத்திருக்கும், அதனால் சிவப்புச் சானல் நீர்த்திருக்கும். பச்சைச் சானலை மட்டும் எடுத்துப் பாருங்கள்.