பழைய மடிக்கணினியும் பாமினி வினாத்தாள்களும்

கேள்வி: தோட்டப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பிக்கிறேன். 2014இல் வாங்கிய எனது மடிக்கணினியில் இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 7 ஆகியவை உள்ளன. எப்படியாவது விண்டோஸ் 11 போட்டுத் தருவதாகக் கடைக்காரர் கூறுகிறார். பாமினி எழுத்துருவில் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்த வினாத்தாள்கள் அதிலேயே இருப்பதால் தயங்குகிறேன். என்ன செய்யலாம்?
– ஆசிரியை, மஸ்கெலியா

பதில்: விண்டோஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14உடன் நின்றுவிட்டதால், அதிலேயே இணையத்தைப் பயன்படுத்துவது நல்லதன்று. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11, பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்திய இன்டெல் செயலியையும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் கேட்கிறது. நிறுவும்போது நடக்கும் இத்தகுதிச் சோதனையைத் தாண்டி அதை நிறுவ வழி உண்டு என்பது உண்மையே. ஆயினும் அத்தகைய கணினிகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும் என்று மைக்ரோசொப்ட் உறுதியளிப்பதில்லை. பாதுகாப்புக்காகவே மாற்ற நினைக்கும் உங்களுக்கு அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஈ என்னும் இலகுவான பதிப்பு உங்கள் கணினிக்குப் பொருந்தும். பழைய வன்தட்டை அகற்றி எஸ்எஸ்டி என்னும் வேகமான சேமிப்பகம் ஒன்றைப் பொருத்தினால் வேகம் கூடுவதை முதல் நாளிலேயே உணர்வீர்கள். கழற்றிய வன்தட்டும் கோப்புகளோடு அப்படியே கையில் இருக்கும். மின்டை நிறுவாமலே பென்டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம் என்பதால், நீங்கள் வினாத்தாள் அச்சிடும் பிரிண்டரையும் வைஃபையையும் அப்போதே சோதித்துக்கொள்ளுங்கள்.

வினாத்தாள்களைப் பற்றிய உங்கள் அச்சம் எனக்கு நன்றாகப் புரிகிறது. பாமினி, ஆங்கில எழுத்துகளின் குறியீடுகளுக்கே தமிழ் வடிவம் தரும் எழுத்துரு ஆகையால், அது இல்லாத கணினியில் உங்கள் கோப்பு ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தோன்றும். கோப்பு பழுதாகிவிட்டதென்று எண்ணி அழித்துவிட வேண்டாம். எழுத்துருக் கோப்பைப் பழைய வன்தட்டிலிருந்து எடுத்துவந்து மின்டில் நிறுவினால் தமிழ் திரும்பிவிடும். ஆனால் மின்டில் ஆவணங்களைத் தட்டச்சு செய்ய உதவும் லிப்ரே ஒபிஸ் மென்பொருளில் வாக்கியத்தின் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் தானியங்கித் திருத்தத்தை நிறுத்திவிடுங்கள். இல்லையேல் பாமினியில் 'அம்மா' என்று நீங்கள் தொடங்கும் வாக்கியம் 'ஆம்மா' என்று மாறி நிற்கும். இனி எழுதும் தாள்களை தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியீடுகள் கொண்ட யுனிகோடில் தட்டச்சு செய்வதே நன்று. அதற்கான ரெங்கநாதன் என்னும் தமிழ் விசைப்பலகை அமைப்பு மின்டிலும் உண்டு.

எதைத் தொடுவதற்கு முன்னரும் வினாத்தாள்களையும் எழுத்துருவையும் இரண்டு பென்டிரைவ்களில் பிரதியெடுத்து, ஒன்றைப் பாடசாலையில் வைத்துவிடுங்கள். மழைக்காலத்தில் மரம் முறிந்து மின்சாரம் தடைப்படுவது நமது மலையகத்தில் வழமை என்பதால், மடிக்கணினியின் பற்றரி ஒரு மணி நேரமாவது தாங்குகிறதா என்று பார்த்தபின் நிறுவலைத் தொடங்குங்கள்.